எம்பஸிக்குப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்: வளைகுடாத் தொழிலாளருக்கும் ஊரில் இருக்கும் குடும்பத்துக்கும் ஒரு முழு வழிகாட்டி

சவூதியின் தமாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டைம்கீப்பராக, அதாவது ஆட்களின் வேலை நேரத்தைக் குறிப்பவராக, இருந்தேன். ஒரு கட்டத்தில் மூன்று மாதச் சம்பளம் நின்றுபோனது. கேம்பில் இருந்த 17 பேர் காசு போட்டு ஒரு வேன் பிடித்து, நானூறு கிலோமீட்டர் ஓட்டி ரியாத் எம்பஸிக்குப் போய்ச் சேர்ந்தோம். கதவு சாத்தியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை. எங்களுக்கு லீவு என்பதால்தானே கிளம்பினோம். அவர்களுக்கும் அன்றுதான் லீவு என்பது 17 பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் மட்டும் ஒரு நாள் சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று மறுபடி போனோம். கவுண்டரில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். அக்ரிமென்ட் காப்பி இருக்கிறதா? கடைசியாகச் சம்பளம் ஏறிய பேங்க் சீட்டு? லேபர் ஆபீஸில் புகார் கொடுத்த நம்பர்? மூன்றுக்கும் இல்லை என்றோம். எங்களிடம் இருந்தது கோபம் மட்டும். அதை வைத்துக்கொண்டு அவரால் ஒரு கடிதம்கூட எழுத முடியவில்லை.

அன்று யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்தவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். வளைகுடா நாடுகளில் சுமார் 90 லட்சம் இந்தியர்கள் இருக்கிறார்கள். இது அவர்களுக்கானது, குறிப்பாக ஊரில் போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் அவர்களின் வீட்டாருக்கானது.

எம்பஸியால் என்ன முடியும், என்ன முடியாது

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை ஒதுக்கிவிடலாம். தூதரகம் போலீஸும் இல்லை, கோர்ட்டும் இல்லை. சவூதியில் சவூதிச் சட்டம், குவைத்தில் குவைத் சட்டம். உங்கள் முதலாளியை மிரட்டவோ, கேம்புக்குள் புகுந்து பாஸ்போர்ட்டை வாங்கித் தரவோ, ஜெயிலில் இருப்பவரை வெளியே கொண்டுவரவோ தூதரகத்துக்கு அதிகாரம் கிடையாது. எம்பஸிக்குப் போய்விட்டால் மறுநாள் டிக்கெட் கிடைத்துவிடும் என்பதும் கேம்புகளில் உலவும் கதைதான்.

அப்படியென்றால் அங்கே போய் என்ன பயன் என்று கேட்காதீர்கள். கம்பெனியைக் கூப்பிட்டுப் பேசலாம். உள்ளூர் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதலாம், மொழிபெயர்ப்பாளரை அனுப்பலாம். தொலைந்த பாஸ்போர்ட்டுக்குப் பதில் பயண ஆவணம் தரலாம். ஜெயிலில் போய்ப் பார்க்கலாம், வக்கீல் வைக்கலாம். வீட்டு வேலையிலிருந்து தப்பி வந்த பெண்ணைத் தங்க வைக்கலாம். உடலை ஊருக்கு அனுப்பி வைக்கலாம். இவை எதுவும் சின்ன உதவி இல்லை.

கம்பெனிகள் உண்மையில் பயப்படுகிற ஆயுதம் வேறொன்று. தொடர்ந்து புகார் வரும் கம்பெனியை இந்தியத் தூதரகம் ‘முன் அனுமதிப் பட்டியலில்’ சேர்க்கலாம். சேர்த்துவிட்டால் அந்தக் கம்பெனி இந்தியாவிலிருந்து நினைத்தபடி ஆள் எடுக்க முடியாது. ஆள் வராவிட்டால் பெரிய ஒப்பந்தக்காரருக்கு வேலை நின்றுவிடும். அதனால்தான் உங்கள் ஒரு புகாருக்கு உடனே பலன் இல்லையென்றாலும் அதைப் பதிய வைப்பது முக்கியம். பத்துப் பேரின் புகார் சேரும்போதுதான் பட்டியலுக்குக் கணக்கு வருகிறது.

அப்புறம் பணம். ‘இந்தியச் சமூக நல நிதி’ என்று ஒன்று 2009-இல் தொடங்கப்பட்டது. ஐ.சி.டபிள்யூ.எஃப் என்று சொல்வார்கள். 2017 செப்டம்பரில் விதிகளைத் தளர்த்தி விரிவாக்கினார்கள். தங்குமிடம், சாப்பாடு, டிக்கெட், அவசர மருத்துவம், வக்கீல் செலவு, உடலை அனுப்பும் செலவு எல்லாம் இதிலிருந்து வருகிறது. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது ரசீதில் இந்த நிதிக்கென்று ஒரு சிறு தொகை சேர்த்து வாங்குகிறார்களே, அதுதான். ஆக, அது நம்மவர்கள் போட்டு வைத்த பணம். அங்கே போய்க் கூனிக் குறுகி நிற்க வேண்டியதில்லை. ஆனால் வசதியில்லாதவர்களுக்கு, வேறு வழியே இல்லாதவர்களுக்கு என்பதுதான் விதி. கம்பெனி கொடுக்க வேண்டிய டிக்கெட்டை நிதியிலிருந்து கொடுக்கும் முன் கம்பெனியிடம் கேட்டுப் பார்ப்பார்கள். அதனால் நாள் இழுக்கும். அந்த இழுபறிக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

விமானம் ஏறும் முன்

தூதரகத்தின் உதவி சென்னையிலோ திருச்சியிலோ விமானம் ஏறும் முன்பே தொடங்கிவிடுகிறது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக ‘ஈ.சி.ஆர்’ வகை, அதாவது வேலைக்குப் போக அரசின் சோதனை தேவை என்று குறித்தது. அந்தப் பாஸ்போர்ட்டில் வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடியேற்றப் பாதுகாவலர் என்ற மத்திய அரசு அதிகாரியின் அனுமதி வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் அப்படிச் சொல்கிறது. இந்த அனுமதி மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நடக்கிறது. அதில் உங்கள் சம்பளம், வேலை, முதலாளியின் பெயர், ஏஜென்டின் பதிவு எண் எல்லாம் ஏறிவிடும். பிற்பாடு ரியாத்தில் நீங்கள் எம்பஸிக்குள் நுழையும்போது, அதிகாரி கணினியில் உங்கள் அக்ரிமென்ட்டைப் பார்க்க முடிவது இதனால்தான்.

விசிட் விசாவில் போய் அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால், அந்தப் பதிவு எதுவும் இருக்காது. தூதரகத்தின் பார்வையில் நீங்கள் சுற்றுலா போனவர். ஏஜென்டைப் பிடிக்கவும் முடியாது, முதலாளியைக் கேட்கவும் முடியாது. என் அனுபவத்தில் பாதிச் சிக்கல்களுக்கு வேர் இந்த ஒரு முடிவுதான். அதேபோல ‘ஃப்ரீ விசா’ என்பதும். விசாவில் ஒரு கஃபீல் (ஸ்பான்சர் முதலாளி), வேலை வேறொருவரிடம். சம்பளம் நின்றால் இரண்டு பேரும் கையை விரிப்பார்கள்.

பதிவு பெற்ற ஏஜென்ட் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி-யும் வாங்கலாம். மொத்தம் 35,400. ஒன்றரை லட்சம் கேட்கிறார் என்றால், ரசீது தரமாட்டேன் என்றும் சொல்வார். பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். சந்தேகம் இருந்தால் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனத்தைக் கேளுங்கள். 1978-இலிருந்து ஆள் அனுப்பும் அரசு நிறுவனம் அது.

ஈ.சி.ஆர் வகையில் போகிறவர்களுக்குப் ‘பிரவாசி பாரதிய பீமா யோஜனா’ காப்பீடு கட்டாயம். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். ஒரு பிரியாணி விலை பிரீமியம் என்பதாலோ என்னவோ, பாலிசிச் சீட்டை யாரும் மதிப்பதில்லை. ஏஜென்ட் எடுத்துக் கொடுத்திருப்பார், அது எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அதை வாங்கி மனைவியிடமோ அம்மாவிடமோ கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டில் ஒரு உறை இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், விசா, அக்ரிமென்ட், பாலிசி, ஏஜென்டுக்குப் பணம் போட்ட சீட்டு. அங்கே போய் இக்காமா (அந்த நாட்டில் தங்கும் அனுமதி அட்டை) கிடைத்ததும் அதன் இரண்டு பக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதையும் பிரின்ட் எடுத்து உறையில் போடச் சொல்லுங்கள். போன் தொலையும், உடையும், பறிக்கப்படும். உறை அலமாரியில் இருக்கும்.

இறங்கிய முதல் மாதத்தில்

நீங்கள் வேலை பார்க்கும் இடம் எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சவூதியில் ரியாத்தில் தூதரகம், ஜித்தாவில் துணைத் தூதரகம். மக்கா, மதீனா, தபூக், அபஹா, ஜிசான் பக்கம் இருப்பவர்கள் ஜித்தாவுக்கு. தமாம், ஜுபைல், அல்கோபர் எல்லாம் ரியாத். எமிரேட்ஸில் அபுதாபிக்காரர்கள் தூதரகத்துக்கும், துபாய், ஷார்ஜா உள்ளிட்ட மற்ற ஆறு எமிரேட்டுகளில் இருப்பவர்கள் துபாய் துணைத் தூதரகத்துக்கும் போக வேண்டும்.

துபாயில் ‘பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா’ என்ற உதவி மையம் இருக்கிறது. 800 46342 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். ரியாத், ஜித்தா, கோலாலம்பூரிலும் இதேபோன்ற மையங்கள் உண்டு. பல தூதரகங்கள் ‘ஓப்பன் ஹவுஸ்’ என்று ஒரு நாளை ஒதுக்கி, அதிகாரியை நேரில் பார்த்துப் பேச விடுகின்றன. தூரத்து ஊர்களுக்கு அவ்வப்போது வெள்ளிக்கிழமைகளில் முகாமும் போடுகிறார்கள். அந்தத் தேதிகள் தூதரகத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் வரும். எங்களைப்போல நானூறு கிலோமீட்டர் ஓட்டத் தேவையில்லை.

பாஸ்போர்ட்டை முதலாளி வைத்துக்கொள்வது வளைகுடா நாடுகளின் சட்டப்படியே தப்பு. ஆனாலும் நடக்கிறது. இறங்கிய அன்றே சண்டை போட முடியாது. அதனால்தான் காப்பி.

சம்பளம் வரவில்லை என்றால்

முதல் மாதம் தாமதமானால் பேசிப் பாருங்கள். இரண்டாம் மாதமும் வரவில்லையென்றால் எழுத ஆரம்பியுங்கள். எந்தத் தேதி வரை சம்பளம் வந்தது, ஓவர்டைம் எத்தனை மணி நேரம், என்ன பிடித்தம். ஒரு நோட்டில் நாள்வாரியாக. டைம்கீப்பராக இருந்தவன் சொல்கிறேன்: கம்பெனி வைத்திருக்கும் ஷீட்டுக்கு எதிராக நிற்கக்கூடியது தொழிலாளி தன் கையால் அன்றன்று எழுதிய நோட்டு மட்டும்தான். சைட்டில் டைம்ஷீட் ஒட்டியிருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள்.

அடுத்தது உள்ளூர் தொழிலாளர் அலுவலகம். கேம்பில் ‘மக்தப் அமல்’ என்பார்களே, அது. சவூதியில் முதலில் சமரசப் பேச்சு. அதற்கு 21 நாள் அவகாசம். அங்கே முடியாவிட்டால் தொழிலாளர் நீதிமன்றம். வேலை முடிந்து 12 மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். ஊருக்கு வந்து இரண்டு வருடம் கழித்துப் பாக்கியைக் கேட்டால் அங்கே செல்லாது.

எம்பஸிக்கு முன்பே இங்கே போகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீங்கள் புகார் கொடுத்தபின் கம்பெனி உங்களை ஓடிப்போனவர் என்று எழுதிக்கொடுத்தால், புகாரின் தேதி முந்தியது என்று காட்டி அதை எதிர்க்கலாம். புகாரே இல்லாமல் கேம்பை விட்டு வெளியே போய்விட்டால் அந்த வாய்ப்பு போய்விடும்.

புகார் எண் கிடைத்ததும் தூதரகம். மனுவை நீட்டி முழக்காமல் எழுதுங்கள். வட்டிக்குக் கடன் வாங்கியது, தங்கை கல்யாணம், மனவேதனை எல்லாம் உண்மைதான். ஆனால் அதிகாரி தேடுவது இவற்றை:

பெயர், பாஸ்போர்ட் எண், இக்காமா எண். கம்பெனியின் பெயர் அரபியிலும் (இக்காமாவில் இருக்கும்), முதலாளி அல்லது மேனேஜரின் போன் எண், கேம்ப் இருக்கும் இடம். அக்ரிமென்ட்டில் எழுதிய சம்பளம், உண்மையில் தந்த சம்பளம். எந்த மாதத்திலிருந்து பாக்கி, மொத்தம் எவ்வளவு. தொழிலாளர் அலுவலகப் புகார் எண், தேதி. கடைசியாக, உங்களுக்கு என்ன வேண்டும்.

இந்தக் கடைசி வரியைப் பலர் எழுதுவதில்லை. பாக்கிச் சம்பளம் வாங்கிக்கொண்டு அங்கேயே தொடர வேண்டுமா, வேறு கம்பெனிக்கு மாற வேண்டுமா, எக்ஸிட் (நாட்டை விட்டு வெளியேறும் அனுமதி) வாங்கி ஊருக்கு வந்துவிட வேண்டுமா? மூன்றுக்கும் மூன்று வழி. எங்கள் கேம்பிலேயே 17 பேரும் மூன்று கூட்டமாகப் பிரிந்திருந்தோம், அது எம்பஸி அதிகாரி கேட்டபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. கடைசியில் ஒரே மனுவைக் கிழித்துப் போட்டு மூன்று மனு எழுதினோம். ஊருக்குப் போகிறோம் என்றவர்களுக்கு ஆறு வாரத்தில் எக்ஸிட் கிடைத்தது. பாக்கியில் பாதிக்கும் குறைவாகத்தான் கையில் வந்தது.

இன்னொரு விஷயம். பாக்கி வரும்வரை நகரமாட்டேன் என்று கேம்பிலேயே உட்கார்ந்திருப்பது எப்போதும் புத்திசாலித்தனம் இல்லை. 2016-இல் சவூதியில் பெரிய கட்டுமான நிறுவனங்கள் நொடித்தபோது ஆயிரக்கணக்கான இந்தியர்கள் மாதக்கணக்கில் சம்பளமில்லாமல் கேம்புகளில் முடங்கினார்கள். சாப்பாடுகூட நின்றுபோய், ஜித்தா துணைத் தூதரகம் அங்கிருந்த இந்தியர்களின் உதவியோடு உணவு விநியோகித்தது. அப்போது வெளியுறவு அமைச்சராக இருந்த சுஷ்மா ஸ்வராஜ் சொன்னது இதுதான்: பாக்கியை முறையாகப் பதிந்துவிட்டு ஊருக்கு வந்துவிடுங்கள், கணக்குத் தீரும்போது உங்கள் பணம் வந்து சேரும். கோரிக்கையைப் பதிந்து, அதைத் தொடர்ந்து கேட்கத் தூதரகத்துக்கோ நம்பகமான ஒருவருக்கோ அதிகாரம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். ‘எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்று அரபியில் எழுதிய தாளில் மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். எக்ஸிட் அடிக்கும் அன்று அந்தத் தாள் கண்டிப்பாக வரும்.

வீட்டு வேலைக்குப் போன பெண்கள்

இங்கே விதிகள் கடுமை. காரணத்தோடுதான். ஈ.சி.ஆர் பாஸ்போர்ட் உள்ள பெண் 30 வயதுக்குக் குறைந்தவர் என்றால் அந்த 18 நாடுகளுக்கு வேலை அனுமதி கிடையாது. 30 தாண்டியவரும் தனியார் ஏஜென்ட் வழியாகப் போக முடியாது, அரசு நிறுவனங்கள் வழியாக மட்டும்தான். வீட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளி அக்ரிமென்ட்டைத் தூதரகத்தில் காட்டிச் சான்று பெற வேண்டும். 2,500 டாலர் வங்கி உத்தரவாதம் கேட்கும் முறையும் கொண்டுவந்தார்கள்.

இந்த வேலியைத் தாண்டத்தான் ஏஜென்டுகள் துபாய்க்கு விசிட் விசாவில் அழைத்துப் போய், அங்கிருந்து ஓமனுக்கோ வேறு நாட்டுக்கோ கைமாற்றுகிறார்கள். குடும்பம் துபாயில் தேடிக்கொண்டிருக்கும், அந்தப் பெண் மஸ்கட்டுக்கு அப்பால் ஏதோ ஒரு வீட்டில் இருப்பார். எனவே உங்கள் வீட்டுப் பெண் போய்ச் சேர்ந்ததும் முதலில் கேட்க வேண்டியது ‘சாப்பிட்டியா’ இல்லை. வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். வீட்டு வாசல், தெருப் பலகை, முதலாளியின் பத்தாக்கா (அடையாள அட்டை) எதன் படம் கிடைத்தாலும் அனுப்பச் சொல்லுங்கள். தூதரகத்துக்குப் புகார் வரும்போது இடம் தெரியாததுதான் பெரிய தடை. ‘குவைத்தில் ஒரு வீட்டில்’ என்று மட்டும் எழுதினால் எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது?

அடி, பட்டினி, அதற்கும் மேலான கொடுமை என்றால் காத்திருக்கத் தேவையில்லை. முடிந்தால் நேராகத் தூதரகம், முடியாவிட்டால் அருகிலுள்ள காவல் நிலையம். குவைத் தூதரகம் இப்படி வரும் பெண்களுக்குத் தங்குமிடம் நடத்துகிறது. தெருவில் ‘நான் வேலை வாங்கித் தருகிறேன்’ என்று கூப்பிடும் நம்மூர்க்காரரை நம்பிப் போகாதீர்கள். சொல்லக் கசப்பாக இருக்கிறது, ஆனால் தப்பி வரும் பெண்களுக்கு இரண்டாவது கண்ணி பெரும்பாலும் தாய்மொழி பேசுகிறவரிடமிருந்தே வருகிறது. தங்குமிடத்தில் இருக்கும்போது முதலாளி ‘ஓடிப்போனார்’ என்றோ ‘நகை திருடினார்’ என்றோ வழக்குப் போட்டிருந்தால், அது முடியாமல் விமானம் ஏற முடியாது. சில நாளில் வருவதும் உண்டு, சில மாதம் ஆவதும் உண்டு. குடும்பம் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹுரூப், ஓவர்ஸ்டே, அவுட்பாஸ்

ஹுரூப் (ஓடிப்போனார் என்று முதலாளி தரும் புகார்) விழுந்தவர், விசா முடிந்தவர், பாஸ்போர்ட் இல்லாதவர் மூவரும் ஒரே வரிசையில்தான் நிற்பார்கள். தூதரகம் தருவது ‘எமர்ஜென்சி சர்டிஃபிகேட்’. நம்மவர்கள் வாயில் அவுட்பாஸ். இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் செல்லும். பழைய பாஸ்போர்ட் காப்பி, போட்டோ, தொலைந்திருந்தால் போலீஸ் ரிப்போர்ட் வேண்டும். காப்பியே இல்லையென்றால் ஊரில் விசாரித்து இந்தியர்தான் என்று உறுதி செய்ய வேண்டியிருக்கும், அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம். மறுபடியும் அந்த உறைதான்.

அவுட்பாஸ் கிடைத்தால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். அந்த நாட்டின் குடியேற்றத் துறை எக்ஸிட் தர வேண்டும். அபராதம் கட்ட வேண்டும். எமிரேட்ஸில் விசா முடிந்தபின் நாளுக்கு 50 திர்ஹம். ஒரு வருடம் என்றால் 18,250 திர்ஹம். பொது மன்னிப்பு அறிவிக்கும்போது இது தள்ளுபடி ஆகிறது. எமிரேட்ஸ் 2024 செப்டம்பரில் தொடங்கிய மன்னிப்பை டிசம்பர் இறுதி வரை நீட்டித்தது. சவூதி 2013-லும் 2017-லும் கொடுத்தது. மன்னிப்புக் காலத்தில் தூதரகங்கள் தனிக் கவுண்டர் போட்டு வேகமாக ஆவணம் தருகின்றன. ‘இன்னும் நாலு மாதம் ஒளிந்து வேலை பார்த்துவிட்டு, அடுத்த மன்னிப்பில் போய்க்கொள்ளலாம்’ என்று இருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

கைது செய்யப்பட்டால்

1963-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவுப்படி, கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். ‘இந்தியன் எம்பஸி’ என்ற இரண்டு சொல்லைச் சொல்லிக்கொண்டே இருங்கள். அரபியில் ‘சிஃபாரா ஹிந்தியா’. புரியாத தாளில் கையெழுத்துப் போடும் முன் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். குடும்பத்துக்குத் தெரிந்தால் உடனே தூதரகத்துக்கு மின்னஞ்சல்: பெயர், பாஸ்போர்ட் எண், எந்த ஊர், எந்த நாளில் கைது. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் தூதரகத்தின் பட்டியலில் உள்ள வக்கீலை நல நிதியில் வைக்கக் கோரலாம். தண்டனை உறுதியானபின் மீதியை இந்தியச் சிறையில் கழிக்க சவூதி, எமிரேட்ஸ் உள்ளிட்ட நாடுகளோடு ஒப்பந்தம் இருக்கிறது. நடைமுறை மிக மெதுவானது.

ஊரிலிருந்து யாராவது ‘நண்பருக்குக் கொடுத்துவிடு’ என்று தரும் மாத்திரைப் பொட்டலத்தை எடுத்துப் போகாதீர்கள். இங்கே மருந்துக் கடையில் விற்கும் சில வலி மாத்திரைகள் அங்கே போதைப்பொருள் கணக்கு.

சம்பளப் பிரச்சினையில் பொங்கி, முதலாளியின் முகத்தைப் படம் பிடித்து வீடியோ போடுவதும் அப்படித்தான். அனுமதியில்லாமல் ஒருவரைப் படம் பிடித்துப் பரப்புவதே அந்த நாடுகளில் குற்றம். சம்பளம் கேட்டு வந்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும்.

இறந்துவிட்டால்

எழுத மனம் வராத பகுதி. ஆனால் தகவல் தெரியாமல் குடும்பங்கள் அதிகம் அலைவது இங்கேதான்.

செய்தி வந்ததும் அங்கே கூட இருப்பவர் ஒருவரை அடையாளம் காணுங்கள். அண்ணன், மைத்துனர், அறைத்தோழர் யாராவது. அவர் பெயருக்குக் குடும்பம் ஒப்புதல் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும்: உடலைப் பெற்று அனுப்ப இன்னாருக்கு அதிகாரம் அளிக்கிறோம், அல்லது அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதிக்கிறோம். மனைவி கையெழுத்துப் போட்டு நோட்டரி சான்றோடு அனுப்ப வேண்டும். மணமாகாதவர் என்றால் பெற்றோர். யாரும் இல்லையென்றால் கம்பெனியின் ஆளுக்கோ தூதரகத்துக்கோ அதிகாரம் தரலாம். இந்தக் கடிதம் வராமல் பிணவறையில் காத்திருக்கும் உடல்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும் தகராறு: மனைவி ஒரு பக்கம், மாமனார் ஒரு பக்கம்.

அங்கே நடப்பவை: மருத்துவமனை அறிக்கை, போலீஸ் அறிக்கை, உள்ளூர் இறப்புச் சான்றிதழ், தூதரகத்தில் இறப்பைப் பதிந்து பாஸ்போர்ட்டை ரத்து செய்வது, தூதரகத்தின் தடையின்மைச் சான்று, எம்பாமிங் (உடல் கெடாமல் பதப்படுத்துவது), கார்கோ. இயற்கை மரணம் என்றால் சில நாட்களிலிருந்து இரண்டு மூன்று வாரம். தற்கொலை, கொலை, விபத்து என்றால் போலீஸ் விசாரணை முடிய வேண்டும். சவூதித் தொழிலாளர் சட்டப்படி உடலை அனுப்பும் செலவு முதலாளியுடையது. அவர் மறுத்தால் தூதரகம் நல நிதியிலிருந்து செய்யும். ஊரில் வசூல் செய்து லட்சக்கணக்கில் அனுப்பும் முன் இதைக் கேட்டுவிடுங்கள். அவசரத்தில் யார் யாரோ ‘நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று பணம் வாங்குவார்கள்.

2024 ஜூன் 12-ஆம் தேதி குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பில் தீப்பிடித்து 45 இந்தியர்கள் இறந்தார்கள். அதில் ஏழு பேர் தமிழர்கள். இரண்டே நாளில் விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. நாடே பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த வேகம் சாத்தியம். தனியாக ஒரு அறையில் மாரடைப்பில் போகிறவருக்கு அந்த வேகம் கிடைப்பதில்லை. அங்கே குடும்பத்தின் காகிதங்கள்தான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன.

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத் துறைக்குத் தெரிவித்தால், விமான நிலையத்திலிருந்து ஊருக்கு அமரர் ஊர்தி ஏற்பாடு செய்வார்கள். இந்தியாவுக்குள் 1800 309 3793.

அடக்கம் முடிந்ததோடு விட்டுவிடாதீர்கள். பாக்கிச் சம்பளம், பணிக்கொடை, கம்பெனிக் காப்பீடு, சாலை விபத்து என்றால் இழப்பீடு, இங்கே எடுத்த 10 லட்சம் பாலிசி. ஒவ்வொன்றும் தனித்தனி வழக்கு. வாரிசுச் சான்றிதழை இ-சேவை மையத்தில் உடனே விண்ணப்பித்து விடுங்கள், எல்லாவற்றுக்கும் அது வேண்டும். இழப்பீட்டைப் பெறத் தூதரகத்துக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பச் சொல்வார்கள். எந்தெந்த அலுவலகத்தின் சான்றொப்பம் வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், தூதரகத்தின் கடிதத்திலேயே இருக்கும். அந்தக் கடிதம் வரும் முன் புரோக்கரிடம் செலவழிக்காதீர்கள். பணம் வந்தால் பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர் வழியாக வாரிசுகளுக்குப் பிரித்துத் தரப்படும். ஆக, கலெக்டர் அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தை ஏதோ நிலப் பிரச்சினை என்று பிரிக்காமல் வைத்துவிடாதீர்கள். ஒரு வீட்டில் அப்படி எட்டு மாதம் கிடந்தது.

இலங்கைத் தமிழர்களுக்கு வழி வேறு. அங்கே 1985-இல் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம்தான் மையம். அதில் பதிந்து போனவர்களுக்குத் தூதரகத்தில் தொழிலாளர் நல அதிகாரி, பாதுகாப்பு இல்லம், காப்பீடு எல்லாம் உண்டு. பணியகத்தின் அழைப்பு எண் 1989. பதியாமல் போனவரின் நிலை நம்மூர் விசிட் விசாக்காரரின் நிலைதான்.

பதில் வரவில்லை என்றால்

மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை, போன் எடுக்கவில்லை என்றால் 2015-இல் வெளியுறவு அமைச்சகம் தொடங்கிய ‘மதத்’ தளத்தில் புகார் பதியுங்கள். இந்தியில் உதவி என்று பொருள். ஊரில் இருக்கும் உறவினரே பதியலாம். சம்பளம், சிறை, உடலை அனுப்புதல், இழப்பீடு என்று வகை பிரித்திருக்கும், சரியான வகையைத் தேர்ந்தெடுங்கள். புகார் அந்தந்தத் தூதரகத்துக்குப் போகும், கெடு தாண்டினால் மேலதிகாரிக்கு ஏறும். டெல்லியில் உள்ள உதவி மையத்தின் இலவச எண் 1800 11 3090.

ஒரே விஷயத்தைப் பத்து இடத்தில் பத்து விதமாக எழுதாதீர்கள். ஒரு புகாரில் மூன்று மாதப் பாக்கி, இன்னொன்றில் ஐந்து மாதம் என்று இருந்தால் கம்பெனிக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டுவார். எம்.பி-க்கோ கலெக்டருக்கோ மனு கொடுப்பது நல்லதுதான், ஆனால் மதத் எண்ணை அதில் எழுதிக் கொடுங்கள். இல்லையென்றால் அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

இந்த உதவி எதற்கும் தூதரகம் ஊரில் இருப்பவர்களைப் போனில் கூப்பிட்டுப் பணம் கேட்காது. ‘எம்பஸியிலிருந்து பேசுகிறேன், ஜிபே பண்ணுங்கள்’ என்றால் வைத்துவிடுங்கள்.

புகார் எண், தொழிலாளர் அலுவலக எண், அங்கே இருக்கும் அறைத்தோழரின் நம்பர். மூன்றையும் காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். 15 நாளுக்கு ஒருமுறை நிலவரம் கேட்டு ஒரு மின்னஞ்சல், அதிலும் அதே எண்.